தடங்கலை வெட்டாதீர்கள்!

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி காலத்துப் பித்தளைக் குடம் ஒன்றாவது இருக்கும். இல்லையென்று சொல்லாதீர்கள். பழைய பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் வாங்கியது போக, மிச்சம் ஒன்று எந்த வீட்டிலும் இருக்கத்தான் செய்யும். அதன் கழுத்தருகே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். 'அம்புஜம்' என்று சொல்லியனுப்பினால் 'அம்புசம்' என்று வெட்டி வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே ஒரு நெளிசல். எந்தக் கல்யாணத்தில் எந்தச் சமையல்காரர் கை தவறிப் போட்டதோ!

பொங்கலுக்கு முன்னால் அந்தக் குடத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்க்கிறீர்கள். களிம்பு போய்க் குடம் தங்கமாக மின்னுகிறது. ரொம்ப சரி. ஆனால் எழுத்துப் பிழை இருக்கிறதே என்று அதைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பெயரை ராவி எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டித் தரச் சொல்வீர்களா? மாட்டீர்கள். களிம்பு வேறு, பெயர் வேறு என்பது உங்கள் கைக்குத் தெரியும். களிம்பு, காலம் பூசியது. பிழையான பெயரோ அந்தக் குடத்தோடு கூடவே நம் வீட்டுக்கு வந்தது.

இவ்வளவு சின்ன விஷயம், பழைய டெலிவிஷன் நிகழ்ச்சிகளைத் துடைத்துத் துலக்கி மறுபடியும் நம் வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் பலருக்குத் தெரியவில்லை, சகோதரிகளே! அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் ஆரம்பமானது 1975-ம் வருஷம் ஆகஸ்டு 15-ம் தேதி. முதலில் கறுப்பு வெள்ளைதான். வர்ணம் வந்தது 1982-ல். அந்த நாளைய செவ்வாய்க்கிழமை நாடகங்களை ஞாபகப்படுத்திப் பாருங்கள். கதாநாயகர் கோபித்துக்கொண்டு கதவை ஓங்கிச் சாத்துவார். கதவோடு சேர்ந்து சுவரும் ஆடும். அட்டைச் சுவர்தானே, பாவம்! மாமியார் வேஷம் போட்ட அம்மாளுக்கு வசனம் மறந்துபோகும். முந்தானையை இரண்டு தரம் இழுத்துவிட்டுக்கொண்டு சமாளிப்பார். சில சமயம் கூடத்துச் சுவரில் மைக்கின் நிழல் கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டிவிட்டுப் போகும். இதையெல்லாம் நாம் ஒரு குறையாகவா நினைத்தோம்? மூக்கைச் சிந்திக்கொண்டு முழு நாடகத்தையும் பார்த்துவிட்டுத்தானே சாதத்துக்கு எழுந்தோம்!

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் கரையாம்புத்தூர். புதுச்சேரியில் பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது. பெயருக்குத்தான் புதுச்சேரி, நாலடி எடுத்து வைத்தால் தமிழ்நாட்டுக் கிராமம் வந்துவிடும். எல்லைக்கோடு வரப்பிலே ஓடுகிறது. நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. தெருக்கூத்து தெரிந்த ஜனங்கள். கூத்திலே விடியற்காலை ஆகும்போது துரியோதனனுக்கு அரிதாரம் வியர்வையில் கரைந்து கழுத்தில் வழியும். யாராவது எழுந்து, "முகத்தைச் சரி பண்ணிக்கொண்டு வா" என்பார்களா? அந்த வழிசலையும் சேர்த்துத்தான் துரியோதனன்.

1984-ம் வருஷம் நான் மருமகளாக வந்தேன். அந்தச் சமயத்தில்தான் நாடெங்கும் ஒளிபரப்பு நிலையங்கள் மளமளவென்று பெருகிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டு மாடியிலும் ஓர் ஆன்டெனா ஏறிற்று. இரண்டு வருஷம் கழித்து என் மூத்தார் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு வி.சி.ஆர். கொண்டு வந்தார். அதற்கு அத்தை (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) சந்தனம் குங்குமம் வைத்து, மணியால் செய்த உறை ஒன்றும் போட்டார்கள்.

அப்புறம் வந்ததே ராமாயணம்! ராமானந்த் சாகர் எடுத்தது. 1987-ம் வருஷம் ஜனவரி 25-ம் தேதி ஆரம்பித்து 1988 ஜூலை கடைசி வரை, ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில், 78 வாரப் பகுதிகள். இந்தியில் ஒரு வார்த்தை எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அதனால் என்ன? ராமாயணம் தெரியுமே! எங்கள் கூடத்தில் ஐம்பது பேர் உட்காருவார்கள். அம்பு ஆகாயத்தில் மெதுவாக மிதந்து வந்து எதிர் அம்போடு முட்டி நிற்கும்போது, அது எப்படிச் செய்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்போம்.

மூத்தார் விடாமல் பதிந்து வைத்தார். ஒரு காஸெட்டு மூன்று மணி நேரம் ஓடும். விளம்பரத்தோடு சேர்த்து நாலு வாரம் அடங்கும். அந்தக் காஸெட்டுகளில் இன்று மிஞ்சியிருப்பவை 9.

போன வருஷம் என் இளைய மகன் அவற்றை பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளை. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. எங்கள் பக்கத்துக் கடல் காற்றுக்கும் ஈரத்துக்கும் அது தப்புமா? அதைத் துடைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் துடைத்து, ஓட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தான். இனிமேல் தாமதிக்க முடியாது என்றும் சொன்னான். உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனியான ஃபுனாய் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டதாம். இருக்கிற பெட்டிகள் கெட்டுப்போனால் நாடா இருந்தும் பயனில்லை. பூட்டு இருக்கும், சாவி இருக்காது.

இவ்வளவு நல்லது செய்த பிள்ளை, அடுத்தாற்போல ஒரு கேள்வி கேட்டான்.

"ஏம்மா, இதே ராமாயணம் பளிச்சுன்னு எத்தனையோ இடத்தில் கிடைக்குது. 2020-ல் ஊரடங்கு வந்தப்போ தூர்தர்ஷனே மறுபடி போட்டாங்க. இந்த நாடாவிலே பாதிக்கு மேல் புள்ளியும் கோடும். நடுவிலே ஆறு நிமிஷம் வெறும் எழுத்து நிக்குது. அதையாவது வெட்டிடட்டுமா?"

அந்த வெறும் எழுத்து எது தெரியுமா? "தடங்கலுக்கு வருந்துகிறோம்."

*

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் குறைகளைக் கொஞ்சம் தரம் பிரித்துக்கொள்ள வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

ஒரு வகைக் குறை, எடுத்தவர்கள் விட்டது. ஆடுகிற சுவர், மைக்கின் நிழல், மறந்த வசனம், மிதக்கிற அம்பு. கையில் இருந்த பணத்துக்கும் நேரத்துக்கும் அவர்கள் செய்த வேலையின் அடையாளம் அது. இன்னொரு வகை, காலம் பூசியது. பூஞ்சை, தூசி, கீறல், மங்கிய வர்ணம். மூன்றாவது வகைதான் விஷமம் பிடித்தது. பழையதைச் 'சீராக்குகிறேன்' என்று கிளம்புகிறவர்கள் புதிதாகச் சேர்க்கிற குறை அது.

இரண்டாவதைத் துடைக்கலாம், துடைக்க வேண்டும். முதலாவதைத் தொடக்கூடாது. மூன்றாவதை வாசலிலேயே நிறுத்தவேண்டும். என் கட்சி இதுதான்.

மூன்றாவது வகைக்கு ஓர் உதாரணம் கேளுங்கள். அமெரிக்காவில் 'சிம்ப்ஸன்ஸ்' என்று வெகு காலமாக நடக்கிற ஒரு கார்ட்டூன் தொடர். பழைய டெலிவிஷன் பெட்டி ஏறக்குறையச் சதுரம். அகலம் 4 என்றால் உயரம் 3. இப்போதைய பெட்டி நீட்டுவாக்கில் 16-க்கு 9. 2019-ல் டிஸ்னியின் புதிய சேவையில் அந்தத் தொடரின் பழைய பகுதிகளைப் போட்டபோது, நீளப் பெட்டி நிறையவேண்டும் என்பதற்காகப் படத்தின் மேலும் கீழும் நறுக்கிவிட்டார்கள். கணக்குப் போட்டால் சரியாகக் கால் பங்கு போய்விடும்! ஒரு காட்சியில் பீர் தொழிற்சாலை ஒன்று. மூன்று தொட்டிகளுக்கு மேல் மூன்று தினுசுப் பெயர் எழுதியிருக்கிறது. மூன்றுக்கும் மேலே இருக்கிற ஒரே குழாயிலிருந்துதான் சரக்கு வருகிறது. அதுதான் வேடிக்கையே. மேலே நறுக்கியதில் குழாய் போயிற்று. குழாயோடு வேடிக்கையும் போயிற்று. ஜனங்கள் போட்ட கூச்சலில் 2020 மே மாதம் பழைய அளவிலும் பார்க்க வழி செய்தார்கள்.

நம் வீட்டுக் கல்யாணப் போட்டோவைக் கடையில் வாங்கிய புதுச் சட்டத்துக்குள் அடைப்பதற்காகத் தாத்தாவின் தலைப்பாகையையும் பாட்டியின் மெட்டியையும் வெட்டினால் நாம் சும்மா இருப்போமா? சட்டத்தைத்தானே மாற்றுவோம்!

இன்னொன்று, தையல் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். பழைய பெட்டியின் கண்ணாடி, படத்தின் நாலு ஓரங்களையும் சிறிது விழுங்கிக்கொள்ளும். ஸ்டூடியோக்காரர்களுக்கு அது தெரியும். அந்த ஓரத்தில் மைக் தலைகாட்டினாலும், விளக்கின் கால் தெரிந்தாலும் கவலைப்படமாட்டார்கள். வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லையே! ரவிக்கையில் உள்பக்கம் விடுகிற மடிப்புத்துணி மாதிரி அது. இப்போதைய பெட்டிகளோ ஓரம் வரைக்கும் காட்டுகின்றன. மடிப்பைப் பிரித்து வெளியே தொங்கவிட்டுவிட்டு, "தையற்காரிக்கு வேலை தெரியவில்லை" என்றால் எப்படி?

அப்படியானால் அந்த ஓரத்தை மறைக்கலாமா என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துப் பெட்டி மறைத்த அளவுக்கு மறைத்தால் தப்பில்லை. எடுத்தவர்கள் நமக்குக் காட்ட நினைத்தது அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டரை விட்டு மைக்கை அழித்து, அங்கே புதுச் சுவர் ஒன்றை வரைவது வேறு காரியம்.

அழிக்கிற வித்தை இப்போது எவ்வளவு சுலபமாகிவிட்டது பாருங்கள். 2019 மே மாதம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற பிரசித்தமான தொடரில் ராஜா ராணிகள் விருந்து சாப்பிடுகிற மேஜையில், இந்தக் காலத்துக் கடைக் காப்பிக் கோப்பை ஒன்று உட்கார்ந்திருந்தது. யாரோ குடித்துவிட்டு எடுக்க மறந்தது. உலகமே சிரித்தது. இரண்டு நாளில் கம்பெனியார் கோப்பையைப் படத்திலிருந்து மாயமாய் மறைத்துவிட்டார்கள். இனி அந்தப் பகுதியைப் பார்க்கிறவர்களுக்குக் கோப்பை கிடையாது. போகட்டும், கோப்பைதானே என்று விடலாம். ஆனால் நாம் பார்த்து, சிரித்து, அடுத்த வீட்டில் போய்ச் சொன்ன ஒன்று, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டதே! இன்று கோப்பை, நாளைக்கு அட்டைச் சுவர், அதற்கு மறுநாள் அந்த நடிகையின் முகத்துச் சுருக்கம். இப்போதே சில பழைய படங்களில் முகத்தை வழவழப்பாக்கி மெழுகு பொம்மை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். வசனம் மறந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்ட அம்மாளின் கண்ணில் ஒரு நிமிஷம் தெரிந்த அந்தத் தவிப்பு, அந்த மெழுகு முகத்தில் எங்கே தெரியும்?

*

"எல்லாம் சரி அம்மா, அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க சங்கதி. நம்ம வீட்டு நாடாவுக்கு என்ன அவ்வளவு மதிப்பு?" என்றான் மகன்.

வீட்டு நாடாவின் மதிப்பை லண்டன்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே பி.பி.சி.யில் 1963-ல் ஆரம்பித்தது 'டாக்டர் ஹூ' என்ற தொடர். அந்தக் காலத்தில் நாடா விலை அதிகம். ஒளிபரப்பானதும் பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே புதியதைப் பதிவார்கள். சிலேட்டில் எழுதி அழிக்கிற கதைதான். இப்படி அந்தத் தொடரில் 90-க்கும் மேற்பட்ட பகுதிகள் படமாகக் கிடைக்காமலே போயின. ஆனால் அத்தனை பகுதிகளின் ஒலியும் இன்று இருக்கிறது! எப்படித் தெரியுமா? அப்போது சில வீட்டுப் பிள்ளைகள் டேப் ரிக்கார்டரை டெலிவிஷனுக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்து வைத்திருந்தார்கள். கரகரவென்ற அந்தப் பதிவுகள்தான் பிற்பாடு பி.பி.சி.க்கே கை கொடுத்தன.

நம் தூர்தர்ஷனும் அந்த நாளில் நாடாவை அழித்து அழித்துப் பதிந்ததுதான். ஆரம்ப கால நிகழ்ச்சிகள் பல அதனால் இல்லாமல் போயின. மிஞ்சியதைப் பிரசார் பாரதி காப்பாற்றி, தட்டுகளாகவும் இணையத்திலும் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்று ஒரு சேவையைத் தொடங்கி, ராமாயணம், மகாபாரதம் முதலியவற்றைக் கையிலுள்ள போனிலேயே பார்க்கும்படி செய்தார்கள். அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் அங்கே இருப்பது ராமாயணம் மட்டும்தான். எங்கள் காஸெட்டில் இருப்பது ராமாயணம் வந்த ஞாயிற்றுக்கிழமை. நடுவில் வந்த சோப்பு விளம்பரம், அப்போதைய அறிவிப்பாளரின் கொண்டை, கோடு கோடாக நடுங்குகிற படம், எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

கதைகளைக் கிழித்துத் தைத்துப் பைண்டு பண்ணி வைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதேயில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை பத்திரிகையில் வாரா வாரம் வந்தது, மணியம் வரைந்த படங்களோடு. இன்று அதே கதை நல்ல காகிதத்தில், எத்தனையோ பதிப்பகங்களின் புத்தகமாகக் கிடைக்கிறது. அதற்காக, பாட்டி தைத்து வைத்த பைண்டு வால்யூமை யாராவது எடைக்குப் போடுவார்களா? பக்கத்தின் பின்புறம் பாதி கிழிந்த ஒரு துணுக்கு, தலைவலித் தைல விளம்பரம், ஒரு வாரம் பத்திரிகை கிடைக்காமல் போனதால் நடுவில் ஒரு துள்ளல்... அதெல்லாம் சேர்ந்துதானே நம் வீட்டு வந்தியத்தேவன்!

எங்கள் ராமாயணத்திலும் அப்படி ஒரு துள்ளல் உண்டு. காஸெட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதுவும் பதிய முடியாது. மூத்தார் உடைத்துத்தான் வைத்திருந்தார். என் நாத்தனாரோ கெட்டிக்காரி. உடைந்த ஓட்டையின்மேல் ஒட்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியை அதிலே பதிந்துவிட்டாள். இன்றும் பரதன் பாதுகையைத் தலையில் தாங்கிக்கொண்டு கண்ணீரோடு திரும்புவான்; மறு நொடி ஒரு ஜோடி பூங்காவில் மரத்தைச் சுற்றி ஓடும்! அத்தை அன்றைக்கு அவளைத் திட்டிய திட்டு பாகூர் ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். இப்போது அவள் பேரப்பிள்ளைகளுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

*

எதிர்க் கட்சிக்காரர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும்; அதுதானே முறை.

சிவாஜி நடித்து, பந்துலு எடுத்த 'கர்ணன்' 1964-ல் வந்தது. 2012 மார்ச்சில் அதைப் படமும் ஒலியும் டிஜிட்டல் முறையில் புதுப்பித்து மறுபடி தியேட்டருக்குக் கொண்டு வந்தார்கள். புதுப் படங்களோடு போட்டி போட்டுக்கொண்டு 100 நாளுக்கு மேல் ஓடிற்று. கீறலும் இரைச்சலுமாக இருந்திருந்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்திருப்பார்களா? மாட்டார்கள். அது களிம்பைத் தேய்த்த காரியம். பாராட்டத்தான் வேண்டும்.

'மாயா பஜார்' கதை கொஞ்சம் வேறு. 1957-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். அதன் தெலுங்குப் பதிப்பை 2010-ல் வர்ணமாக்கி வெளியிட்டார்கள். ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். ஆனால் வர்ணம் சேர்த்ததில் பழைய படத்தின் சில பகுதிகள் விடப்பட்டன. பார்த்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள் என்பதை மறுக்கவில்லை. கறுப்பு வெள்ளையில் கடோத்கஜனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு படம் என்பதையும் மறுக்க முடியாது. பழைய மாயா பஜார் நமக்கு இன்னும் கிடைக்கிறதோ, பிழைத்தோம்.

இந்த வழக்குக்கு அமெரிக்காவில் ஒரு நல்ல தீர்ப்புக் கண்டுபிடித்தார்கள். 'ஸ்டார் ட்ரெக்' என்று ஆகாயக் கப்பல் கதை. 1966 முதல் 1969 வரை வந்தது. கப்பல், சின்ன பொம்மை என்பது பார்த்தாலே தெரியும். 2006-ல் அந்தப் பொம்மைக் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்து ஒட்டினார்கள். பழைய நேயர்கள் முகம் சுளித்தார்கள். 2009-ல் புளூ-ரே தட்டாக வந்தபோது இரண்டையும் வைத்துவிட்டார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் புதுக் கப்பல். இன்னொன்றை அமுக்கினால் பழைய பொம்மை. வேண்டியவர்கள் வேண்டியதைப் பார்த்துக்கொள்ளட்டும்! புது மருமகள் வந்தாள் என்பதற்காக மாமியாரை வெளியே அனுப்பவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வீட்டில் இடம் கொடுத்தார்கள்.

இவ்வளவு சொன்ன என்னையே மடக்கிவிட்டாள் ஒரு பெண். என் சின்ன மாமனார் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுப் பாரிஸ் பக்கம் குடியிருந்தார். எங்கள் பக்கத்தில் அவர்களைச் 'சொல்தா' என்போம். மூத்தார் ராமாயணக் காஸெட்டுகளுக்குப் பிரதி எடுத்து அவருக்கு அனுப்புவார். இந்தியாவில் டெலிவிஷன் வர்ண முறைக்குப் 'பால்' என்று பெயர். பிரான்ஸில் அப்போது இருந்தது 'செக்காம்' என்ற வேறு முறை. நம் காஸெட்டை அவர்கள் பெட்டியில் போட்டால் படம் தெரியும், வர்ணம் தெரியாது. ஆகவே பாரிஸில் ராமரும் கறுப்பு வெள்ளை, சீதையும் கறுப்பு வெள்ளை! போன வருஷம் அவருடைய பேத்தி இங்கே வந்திருந்தபோது, துடைத்து ஏற்றிய ராமாயணத்தைப் போட்டுக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எங்க ராமாயணம் இல்லே பெரியம்மா. எங்க தாத்தா வீட்டிலே அப்பா பார்த்துக்கிட்டே இருப்பாரே, அதிலே கலரே கிடையாது. அதுதான் அழகு" என்றாள்.

என் தரம் பிரித்தலில் அவள் சொல்வது எந்த டப்பாவில் விழும்? வர்ணம் போனது எடுத்தவர்கள் செய்ததுமில்லை, காலம் செய்ததுமில்லை. இரண்டு தேசத்துப் பெட்டிகளுக்குள் ஒத்துப்போகாததன் பலன். நியாயப்படி அதைத் திருத்தவேண்டும். ஆனால் ஒரு வீடு முழுவதும் அப்படித்தான் பார்த்து வளர்ந்திருக்கிறதே! அவளுக்காக ஒரு பிரதியில் வர்ணத்தை எடுத்துவிட்டு, அது பாரிஸ் வீட்டுப் பிரதி என்று எழுதிக் கொடுத்தான் என் மகன். மூலப் பிரதி கையில் இருக்கும்வரை அதற்குப் பக்கத்தில் எத்தனை பிரதி வேண்டுமானாலும் இருக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்லை.

*

இப்போது அந்த ஆறு நிமிஷத்துக்கு வருகிறேன்.

கும்பகர்ணனை எழுப்புகிற பகுதி. தாரை ஊதி, தப்பட்டை அடித்து, கூட்டம் கூட்டமாக அரக்கர்கள் போராடுகிறார்கள். சரியான சமயத்தில் படம் போய்விட்டது. "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று எழுத்து. கூடத்தில் ஐம்பது பேரும் "ஐயோ!" என்றார்கள். அத்தை ஊஞ்சலிலிருந்து இறங்கி, டெலிவிஷன் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள்.

"அவங்க வருந்தட்டும். நான் சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பித்தார்கள்.

சின்ன வயசில் கூத்தில் கேட்டது, கோயில் பிரசங்கத்தில் கேட்டது எல்லாம் சேர்த்து, கும்பகர்ணன் எப்படிப் புரண்டு படுத்தான், எத்தனை வண்டிச் சோறு உள்ளே போயிற்று, விழித்ததும் அண்ணனிடம், "சீதையை இன்னும் விடவில்லையா?" என்று எப்படிக் கேட்டான், விடமாட்டாய் என்று தெரிந்தும் ஏன் சண்டைக்குப் போனான்... ஒன்று விடாமல் சொன்னார்கள். பிள்ளைகள் சிரித்தன. கடைசியில் பெரியவர்கள் அழுதார்கள். படம் திரும்பி வந்தபோது, "கொஞ்சம் சும்மா இருங்க, ஆயா முடிக்கட்டும்" என்று ஒரு பொடியன் டெலிவிஷனைப் பார்த்துச் சொன்னான்!

அதற்கப்புறம் தடங்கல் வந்தால் எங்கள் தெருவுக்கே கொண்டாட்டம்.

அத்தை 2003-ல் காலமானார்கள். அவர்கள் கதை சொன்னதை யாரும் பதிந்து வைக்கவில்லை. வி.சி.ஆர். தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் போனது அந்த எழுத்து மட்டும்தான். அத்தையின் குரல் அதில் இல்லை. ஆனால் அந்த எழுத்து நிற்கிற ஆறு நிமிஷமும் அவர்கள் பேசின நேரம். அன்றைக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் யார் பார்த்தாலும் கும்பகர்ணன் அவர்கள் சொன்ன மாதிரியே புரண்டு படுக்கிறான்.

இதைச் சொன்னதும் என் மகன் ஒன்றும் பேசவில்லை. தடங்கலை வெட்டவுமில்லை. பூஞ்சையால் வந்த புள்ளிகளைத் துடைத்த ஒரு பிரதி, கையே வைக்காத ஒரு பிரதி, ஆக இரண்டு பண்ணினான். காஸெட்டுகளையும் தூக்கிப் போடாமல் உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி அடுக்கி வைத்திருக்கிறான்.

உங்கள் வீட்டிலும் கல்யாணக் காஸெட்டோ, காதுகுத்துக் காஸெட்டோ, டெலிவிஷனில் பதிந்த பழைய நாடகமோ கிடக்கும். ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தால் வீட்டிலேயே ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடாவும் கெடும், பெட்டியும் கெடும், அடுத்து அதில் போடுகிற காஸெட்டுக்கும் பூஞ்சை தொற்றும். தெரிந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போதே, "முழுவதும் வேண்டும், எதையும் வெட்டாதே" என்று சொல்லிவிடுங்கள். அழகு பண்ணுவதெல்லாம் இரண்டாவது பிரதியில்தான். உறையின்மேல் வருஷம், யார் பதிந்தது, எது இருக்கிறது, எது போயிற்று என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். நமக்குப் பின்னால் பார்க்கிறவர்களுக்கு, எது களிம்பு எது பெயர் என்று யார் சொல்லுவார்கள்?

எங்கள் வீட்டு உறையில் என் மகன் எழுதியிருப்பது இது: "ராமாயணம், 1988. கும்பகர்ணன். நடுவில் 6 நிமிஷம் தடங்கல். ஆயா பேசுகிறார்கள், வெட்டக்கூடாது."